“என்னை வளர்த்த விதம் அப்படி”

கேள்வி: மாதாமாதம் செலவுக்குப் பணம் கொடுப்பதும் பள்ளிக் கட்டணம் கட்டுவதும்தான் பாசம் என்கிறார் என் கணவர். பிள்ளைகளிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசச் சொன்னால், ‘என்னை வளர்த்த விதம் அப்படி’ என்று முடித்துவிடுகிறார். அவர் விடுதியில் தங்கிப் படித்தவர். சின்ன வயதில் மனத்தில் பதிந்தது மாறவே மாறாதாமே?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: மாறாது என்று சொல்பவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், மாற மனமில்லாதவர்கள். குழந்தைக்கு முதலில் வாய்த்த உறவே பிற்கால உறவுகளுக்கெல்லாம் மனத்தில் அச்சாகிவிடுகிறது என்பதை வலுவாக முன்வைத்தவர், தாயைப் பிரிந்த குழந்தைகள் குறித்து 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிய ஆங்கிலேய உளநல மருத்துவர் ஜான் பௌல்பி. அவரும் தாதியின் கையில் வளர்ந்து, அந்தத் தாதியையும் நான்கு வயதை எட்டுமுன் பிரிந்து, பிறகு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்தான். உங்கள் கணவரின் வாதப்படி பார்த்தால், குழந்தைக்கு அருகாமை வேண்டும் என்ற எண்ணமே பௌல்பிக்கு உதித்திருக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மேரி மெயினும் அவருடைய சகாக்களும் வகுத்த நேர்காணல். சிறு வயதில் தாயோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த சம்பவம் ஒன்றைக் கேட்பார்கள். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ‘அன்பானவர்’ என்று தயங்காமல் சொன்னவர், சம்பவம் கேட்டதும் ‘அன்பானவர்தான், வேறென்ன சொல்ல’ என்று அதையே திருப்பிச் சொல்வார்; அல்லது காய்ச்சலில் கிடந்தபோது யாரும் எட்டிப் பார்க்காத கதையைத் தம்மை அறியாமல் சொல்லிவிடுவார். இறுதி மதிப்பீடு, இளமை இனித்ததா கசந்ததா என்பதைவிட, சொல்லுக்கும் சம்பவத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதையே பெரிதும் சார்ந்தது. அன்பு கிடைக்காமல் வளர்ந்தும் அதை மழுப்பாமல் கோவையாகச் சொல்லத் தெரிந்தவர்களின் பிள்ளைகள், பெற்றோரிடம் நிம்மதியாக ஒட்டி வளர்வதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அந்த ஆய்வு மரபின் முக்கியமான முடிவு.

ஆகவே, பேச்சைத் தொடங்க வேண்டிய வாக்கியத்தைக் கொண்டு உங்கள் கணவர் பேச்சை முடித்துவிடுகிறார் என்பதுதான் கோளாறு. விடுதிக் கட்டணம் தவறாமல் வந்ததே, தம்மை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சியாக இருந்திருக்கலாம் (இது என் ஊகம்தான்). அப்படியானால், இன்று அவர் கட்டும் கட்டணத்தை நீங்கள் பூஜ்யமாகக் கணக்கிட வேண்டாம். பேசுவதுதான் பாசம் என்ற உங்கள் இலக்கணமும் எங்கிருந்தோ வந்ததுதானே! அதற்கு ஒரு சம்பவத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு அவருடையதைக் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டால், அவர் மறுத்துவந்த பத்து நிமிடமும் அதிலேயே கழிந்துவிடும்.