பில்லுல 'காங்ஷி காலம்'னு இருக்கா, 'காங்ஷி முத்திரை'ன்னு இருக்கா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கடையில 14 மாசத்துக்கு முன்னாடி 4 லட்சத்து 20 ஆயிரம் கொடுத்து நீல வெள்ளை சீன ஜாடி வாங்கினேன். காங்ஷி மன்னர் காலம், 300 வருஷப் பழசுன்னாங்க. போட்டோ பார்த்த சிங்கப்பூர் மச்சான் 1890 வாக்குல செஞ்சதுன்னு சொல்றார். கடைக்காரர் என்னை அவமானப்படுத்தி, வேணும்னா 3 லட்சம் தரேன், வச்சுட்டுப் போங்கன்னார். மச்சான்கிட்ட ஜாடியைக் கொடுத்தனுப்பி டெஸ்ட் பண்ணிட்டு சீட்டிங் கேஸ் போடலாமா?

பதில்: சார், அவர் எல்லார் முன்னாடியும் என்ன பேசினார்னு மூணு பக்கம் எழுதியிருக்கீங்க, வருத்தம் புரியுது, ஆனா அதுல ஒரு வரி கூட கோர்ட்டுல நிக்காது. நீங்க அனுப்பின பில்லுல 'காங்ஷி முத்திரை போட்ட ஜாடி'ன்னு தான் இருக்கு, 'காங்ஷி காலத்து ஜாடி'ன்னு இல்ல. முழுக் கேஸும் இங்கதான் இருக்கு.

முத்திரைன்னா ஜாடி அடியில எழுதுற மன்னர் பேரு. சீனாவுல பழைய மன்னர் பேரை இப்படி எழுதுறது ரொம்ப நாள் பழக்கம், ஏமாத்த மட்டும் இல்ல, மரியாதைக்கும் எழுதுவாங்க. காங்ஷி காலம் 1662லேர்ந்து 1722, ஆனா பின்னாடி வந்த குவாங்ஷு மன்னர் காலத்துல, அதாவது 1875-1908ல, சீனாவோட பீங்கான் ஊரான ஜிங்டெஜென் சூளைகள்ல காங்ஷி பேரைப் போட்டு ஏராளமா செஞ்சிருக்காங்க. இன்னொண்ணு, 1677ல தனியார் சூளைக்காரங்க மன்னர் பேரை எழுதக்கூடாதுன்னு தடை வந்துச்சு, அதனால நெஜ காங்ஷி ஜாடி நிறையத்துல வெறும் ரெட்டை நீல வட்டமோ ஒரு இலையோ தான் இருக்கும். ஆக முத்திரை இருக்குன்னு பில்லு சொன்னது உண்மை. உங்க கையில இருக்கறது அந்த வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணுதான், '300 வருஷம் கேரண்டி சார்'னு கடைக்காரர் அனுப்பினது. சொன்ன விவரப்படி பொருள் இல்லைங்கற வாதம் அதுலதான் நிக்கும். அந்த போனை மாத்தாதீங்க, எதையும் அழிக்காதீங்க.

இப்ப நான் பயப்படுற விஷயம். ஜாடியை சிங்கப்பூருக்கு அனுப்பவே அனுப்பாதீங்க. மச்சான் சொல்றது சரின்னே வைங்க, 1890ன்னா 130 வருஷத்துக்கு மேல ஆச்சு, 1972 தொல்பொருள் சட்டத்துக்கு 100 வருஷம் போதும், சீனாவுல செஞ்சதா இந்தியாவுல செஞ்சதாங்கற பேச்சே இல்ல. உங்களுக்கு அது டூப்ளிகேட், சட்டத்துக்கு அது தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவே முடியாது, மீறினா குறைஞ்சது 6 மாசம், கூடினா 3 வருஷம் ஜெயில், அபராதம் தனி, ஜாடியும் கஸ்டம்ஸ்கிட்ட போயிடும். என்கிட்ட வந்த ஒருத்தர் டெஸ்டுக்குத்தானேன்னு வேட்டியில சுத்தி பெட்டிக்குள்ள வச்சு ஏர்போர்ட்ல மாட்டினார், கடைக்காரர் மேல போட வேண்டிய கேஸ் அப்படியே இவர் மேல திரும்பிடுச்சு, அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான்.

இங்கேயே டெஸ்ட் பண்ணிடலாம்னும் அவசரப்படாதீங்க. சூளையில சுட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாக்குற தெர்மோலூமினசன்ஸ் டெஸ்டுக்கு ஜாடியோட அடியில டிரில் போட்டு சின்னத் துண்டு எடுப்பாங்க. பணத்தைத் திருப்பிக் கேக்கறவர் வாங்கின மாதிரியே பொருளைத் திருப்பித் தரணும், ஓட்டை போட்ட ஜாடியை நான் எப்படி வாங்கறதுன்னு எதிர்த்தரப்பு கேக்கும், அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஜாடி நிக்கிற அடி வளையத்தைத் தேய்ச்சுக் கழுவறது, விரிசலுக்குப் பசை வைக்கறது எதுவும் வேணாம். மச்சானோட போட்டோ அபிப்பிராயம் சாட்சியே இல்ல. கையில எடுத்து, மெருகு இல்லாத அடி வளையத்தைப் பார்த்து, குறுக்கு விசாரணைக்கு கூண்டுல வந்து நிக்கிற நிபுணர் வேணும், அவர் செலவும் உங்களோடது.

சீட்டிங் வேணாம். ஆரம்பத்துலயே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சுன்னு நிரூபிக்கணும், நானும் நெஜம்னு நம்பித்தான் வித்தேன்னு அவர் சொன்னா அதோட நிக்கும். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷம் டைம், 14 மாசம் ஓடிடுச்சு. தொல்பொருள் விக்கிற லைசென்ஸ் அவர்கிட்ட இல்லைன்னா அவருக்கும் உள்ளுக்குள்ள பயம் இருக்கும், ஆனா அதை மிரட்டலா நோட்டீஸ்ல எழுதினா உங்க மேலயே கம்ப்ளெயின்ட் வரும்.

அந்த 3 லட்சத்தை வாங்கிக்கங்க சார். மூணரை கேளுங்க, மூணேகாலுக்கு வந்தா முடிச்சுடுங்க. பணம் பேங்க் வழியா அக்கவுண்ட்ல ஏறின அப்புறம் ஜாடியைக் கொடுங்க, கொடுக்கும்போது எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டு, ரெண்டு பேரும் இனி ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட மாட்டோம்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க.