கொத்தனார் மகன் கான்ட்ராக்டர் ஆகலாமா? நகையை அடகு வைப்பதற்கு முன்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டான், வேலைக்குப் போக மாட்டேன் அரசு கான்ட்ராக்ட்தான் எடுப்பேன் என்கிறான், கான்ட்ராக்டராகப் பதிவு செய்து தர ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார், முதல் வேலைக்குப் போட உங்கள் நகையைக் கேட்கிறான். கொடுக்கலாமா வேண்டாமா, இதுதானே உங்கள் கேள்வி?

தொழில் நல்ல தொழில்தான், தடுக்காதீர்கள். நகையை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடிதத்தின் நடுவில் "இந்தக் கான்ட்ராக்ட் வேலை பிற்காலத்தில் பெர்மனென்ட் ஆகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். ஒப்பந்தப் பணியாளர் வேறு, ஒப்பந்ததாரர் வேறு. முதலாமவர் மாதச் சம்பளத்துக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருப்பவர். உங்கள் மகன் சொல்வது இரண்டாவது. சாலை, கால்வாய், அங்கன்வாடி, பள்ளிச் சுற்றுச்சுவர் என்று அரசு கட்டச் சொல்வதைத் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம் பில் போட்டுப் பணம் வாங்குவது. அதில் நிரந்தரம், பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. அது முழுக்க வியாபாரம்.

அவன் அப்பா 25 வருடமாகக் கொத்தனார் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய முதல், அம்மா. சென்னையில் பி.இ. முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கலவை எத்தனை சட்டி, ஒரு நாளில் ஒரு ஆள் எத்தனை கல் வைப்பார் என்று தெரியாது. உங்கள் பையனுக்கு வீட்டிலேயே அது வந்துவிட்டது. ஆனால் இந்தத் தொழிலில் ஆட்கள் சறுக்குவது பூச்சு வேலையில் இல்லை. பேப்பரில் சறுக்குவார்கள், அதைவிட அதிகமாகக் காத்திருப்பதில் சறுக்குவார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்ச ரூபாய் வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்து 10 சதவீத லாபம் நின்றது என்றே வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு லட்சம். வேலையை முடிக்க அவன் 5 லட்சம் வெளியில் வாங்குகிறான், இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 10,000. பில் பணம் வர ஒன்பது மாதம் ஆனால் வட்டி மட்டும் 90,000. ஒரு லட்ச லாபத்தில் மிச்சம் 10,000 ரூபாய், அதற்காக வெயிலில் நின்றது ஒன்பது மாதம். பத்தாவது மாதமும் பணம் வராவிட்டால் அதுவும் இல்லை. ஒன்பது மாதமா என்று கேட்காதீர்கள். எல்லா வேலைக்கும் அவ்வளவு ஆகாது, சில பில்கள் இரண்டு மாதத்திலேயே வந்துவிடும், ஆனால் நிதி ஒதுக்கீடு வர வேண்டும், மேலதிகாரி வந்து பார்க்க வேண்டும், தணிக்கையில் ஒரு கேள்வி வந்தால் அதற்குப் பதில் எழுத வேண்டும், மார்ச் மாதம் தவறிவிட்டால் அடுத்த நிதியாண்டு. எந்தப் பில் எப்போது வரும் என்று ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் வட்டிக்கு வாங்கிய காசில் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது என்கிறேன். நகைக்கடன் வட்டி இதைவிடக் குறைவு, உண்மைதான். ஆனால் நகைக்குத் தவணை தேதி இருக்கிறது, பில்லுக்கு அது கிடையாது.

பிடித்தங்களையும் அவன் கணக்கில் வைத்திருக்கிறானா கேட்டுப் பாருங்கள். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், தமிழ்நாட்டு டெண்டர்களில் பொதுவாக மதிப்பில் ஒரு சதவீதம். வேலை கிடைத்தால் அதற்கு மேல் பாதுகாப்பு வைப்புத் தொகை. ஒவ்வொரு பில்லிலும் தனிநபர் கான்ட்ராக்டருக்கு வருமான வரிப் பிடித்தம் ஒரு சதவீதம், ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பிடித்தம் இரண்டு சதவீதம், தொழிலாளர் நலநிதிக்கு ஒரு சதவீதம், இதுபோக வேலையில் குறை வந்தால் சரிசெய்ய என்று ஒரு பங்கை நிறுத்தி வைப்பார்கள், அது குறைபாட்டுக் காலம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். வரிப் பிடித்தங்கள் வீண்போகாது, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தும் ஜிஎஸ்டி கணக்கில் வரவு வைத்தும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்குச் சிமென்ட் கடைக்காரருக்குக் கொடுக்க அந்தக் காசு கையில் இருக்காது.

இன்னொன்று, டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் வேலை, எல்-1 என்பார்கள். முதல் வேலையை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் புதுப் பையன்கள் மதிப்பீட்டைவிட 20, 25 சதவீதம் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். அளவு மீறிக் குறைத்தால் கூடுதல் வைப்புத் தொகை வேறு கேட்பார்கள். இடையில் எம்-சாண்டும் கம்பியும் விலை ஏறினால் சின்ன வேலைகளில் அந்த ஏற்றத்தை யாரும் ஈடு கட்ட மாட்டார்கள். பாதியில் விட்டு ஓடினால் வைப்புத் தொகை போகும், கருப்புப் பட்டியலில் பெயர் ஏறும்.

சரி, பயமுறுத்தியது போதும். என் சித்தப்பா மகன் கதையைச் சொல்கிறேன், உங்கள் பையனுக்கும் படித்துக் காட்டுங்கள். அவனும் டிப்ளமோதான். கல்லூரி முடித்த மறு வருடமே ஒரு ஊராட்சியில் சிறுபாலம் எடுத்தான். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று சாயங்காலம் மழை கருத்துக்கொண்டு வந்தது. கலவை மெஷினும் ஆட்களும் அன்றைக்குத்தான் கிடைத்திருந்தார்கள், மறுநாள் கிடைக்க மாட்டார்கள். இன்ஜினியர் காலையில் வந்து அளக்கிறேன் என்று சொல்லியிருந்தார். இவன் காத்திருக்கவில்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட்டைப் போட்டு மூடிவிட்டான். கம்பி எத்தனை எம்.எம்., எவ்வளவு இடைவெளி, எத்தனை கிலோ என்று எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், யாரும் எழுதவில்லை. மூடிய கம்பியை எப்படி அளப்பது? வரைபடத்தில் உள்ளபடியே அவன் கட்டியிருந்தான், நானே போய்ப் பார்த்தவன், ஆனால் எழுதாத கம்பிக்குப் பணம் இல்லை. அலைந்து திரிந்து, சோதனைக்குத் தன் செலவிலேயே ஏற்பாடு செய்து, ஒரு பகுதியை வாங்க ஏழெட்டு மாதம் ஆனது. தப்பு அவனுடையதுதான். வேலை தெரிந்தவன், வரிசை தெரியாமல் மாட்டிக்கொண்டான்.

இதே மாதிரி இன்னொரு பள்ளம் வாய்மொழி உத்தரவு. "தம்பி, அந்தப் பக்கமும் பத்தடி சுவரைச் சேர்த்து எழுப்பிடு, பார்த்துக்கலாம்" என்று யாராவது பெரியவர் சொல்வார். மரியாதைக்குக் கட்டிவிடுவோம். மதிப்பீட்டில் இல்லாத வேலைக்கு எழுத்தில் அனுமதி இல்லையென்றால் பில்லில் அது ஏறாது. ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு கரண்டியைத் தொடு என்று அவனிடம் சொல்லுங்கள்.

அதனால் என் யோசனை இதுதான். இரண்டு மூன்று வருடம் அவன் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கட்டும். சைட் சூப்பர்வைசராக மட்டும் இல்லை, சைட் வேலை அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பில்லிங் பக்கம் போக வேண்டும். மதிப்பீடு படிப்பது, விலைப்பட்டியல் பார்ப்பது, எம்-புக் எழுதும்போது பக்கத்தில் நிற்பது, பில் தயாரித்து அலுவலகத்துக்குக் கொண்டுபோவது, எந்த மேஜையில் எத்தனை நாள் நிற்கிறது என்று கவனிப்பது. இதைச் சொல்லித்தர எந்தப் பாலிடெக்னிக்கும் கிடையாது. சம்பளம் ஆரம்பத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு: டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருடத் தொழிற்பழகுநர் பயிற்சி. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக அரசுத் துறைகளும் ஆள் எடுக்கின்றன, பொதுப்பணித் துறையிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ கிடைத்தால் விடாதீர்கள். பில்லை நீட்டும் இடத்திலேயே உட்கார்ந்து பில்லைப் பார்க்க ஒரு வருடம், உதவித்தொகையோடு. இதைவிட மலிவான பள்ளிக்கூடம் எது?

அப்புறம் பதிவு. 35,000 கேட்கும் அந்த ஆளிடம், இதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, ரசீது தருவீர்களா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள், பேச்சு மாறும். பான் கார்டு, ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, தாசில்தார் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்றிதழ், டெண்டர் போட டிஜிட்டல் கையொப்பம் என்று ஒவ்வொன்றாக அவனே வாங்கலாம். இ-சேவை மையத்துக்கு நாலு நடை, ஆடிட்டரிடம் இரண்டு நடை. அந்த நடையும் பயிற்சிதான், அதைக்கூட ஏஜென்டிடம் விடுகிறவன் நாளைக்குப் பில்லுக்கு யாரை அனுப்புவான்? கான்ட்ராக்டர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், கீழ் வகுப்பில் பதிந்தால் சின்ன வேலைகள்தான் எடுக்க முடியும், வேலைகளை முடித்துச் சான்று சேர்த்து மேலே ஏற வேண்டும். பெரிய டெண்டர்களில் இதே மாதிரி வேலையை முன்பு முடித்த சான்றும் ஆண்டு வரவுசெலவும் கேட்பார்கள். வேறொருவர் பெயரில் சப்-கான்ட்ராக்ட் செய்தது பெரும்பாலும் அங்கே கணக்கில் வராது. அதனால் முதல் சான்று ஒரு கழிப்பறை பழுதுபார்ப்பு வேலையாக இருந்தாலும் சொந்தப் பெயரில் இருக்கட்டும்.

யாரும் எழுதத் தயங்குகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கமிஷன். உங்கள் பையனும் கேள்விப்பட்டிருப்பான், "அதெல்லாம் கொடுத்தால்தான் நடக்கும்ணு எல்லாருக்கும் தெரியும்" என்பான். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து வாங்குகிறவர் மட்டும் இல்லை, கொடுக்கிறவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். சட்டம் இருப்பதால் ஊரெல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. டெண்டரில் நாலு பேர் கூடிப் பேசி முடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன, புதியவனை மிரட்டும் இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும் டெண்டர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கின்றன, நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு, இப்போது ஆன்லைனில் டெண்டர் போடுவதால் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தும் கூத்து குறைந்திருக்கிறது. ஆனால் இது தன் மனசுக்கு ஒத்துவருமா என்று அவனே உள்ளே இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வருடங்களில் இதுவும் தெரிந்துவிடும், அவன் கழுத்தில் கயிறு இல்லாமல்.

உங்கள் இளைய மகள் பி.காம். படிக்கிறாள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அரசுக்குப் பொருளோ சேவையோ கொடுப்பதும் ஒப்பந்தம்தான். 2016-இல் வந்த ஜெம் (GeM) என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் மேஜை நாற்காலியிலிருந்து துப்புரவு ஆட்கள் வரை மத்திய அரசு அலுவலகங்கள் வாங்குகின்றன. மத்திய அரசின் கொள்முதலில் 25 சதவீதம் குறுசிறு நிறுவனங்களிடமிருந்து என்று ஒரு கொள்கை இருக்கிறது, அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், குறுசிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு இருந்தால் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு. வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, தயாரிக்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். அண்ணன் எடுக்கப்போகும் கட்டுமான வேலைக்கும் இது பொருந்தாது, அதைச் சொல்லி யாராவது அவனிடம் காசு வாங்கிவிடப் போகிறார்கள். ஆனால் மகளுக்கு ஜிஎஸ்டியும் டெண்டர் பேப்பரும் படிக்கத் தெரிந்தால் அண்ணனுக்கு வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கும் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கான்ட்ராக்டர்கள்தான் நான் பார்த்தவரை தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

எப்போது நகையைக் கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். அவன் சம்பளத்தில் இரண்டு மூன்று லட்சம் சேர்த்த பிறகு, அந்தப் பணம் ஒரு வருடம் திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில், அந்தக் காசுக்குள் அடங்குகிற ஒரு வேலையை எடுக்கட்டும். முடித்து, பில் வாங்கி, சான்று வாங்கட்டும். இரண்டாவது வேலைக்கு வங்கியில் கேட்கட்டும், முடித்த வேலையின் காகிதம் இருந்தால் வங்கி மேலாளர் உட்காரச் சொல்வார். நகை அப்போதும் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நீங்கள் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், 21 வயது. அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள், கூலி பாக்கிக்காகக் கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் எத்தனை சனிக்கிழமை நின்றிருப்பார் என்று அவருக்குத்தான் தெரியும். அந்தக் கான்ட்ராக்டருக்கும் பில் வந்திருக்காது. முடிந்தால் அடுத்த வாரம் பையனை என்னிடம் அனுப்புங்கள். வரும்போது அவன் கண் வைத்திருக்கும் டெண்டர் அறிவிப்பையும் மதிப்பீட்டையும் அச்செடுத்துக்கொண்டு வரட்டும், வரி வரியாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.