ராக்: பழைய மேடைப் பதிவுகளில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

கேள்வி: ஹென்ட்ரிக்ஸ், லெட் செப்பலின் எல்லாம் கேட்டாயிற்று. அதிகம் பேசப்படாத, ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டிய கலைஞர்களின் பழைய மேடை நிகழ்ச்சிகளை எதிலிருந்து தொடங்கலாம்? இணையத்தில் கிடைப்பதில் எது உண்மையாக வாசித்தது, எது வாயசைப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அமெரிக்கப் பாடகியும் கிட்டார் கலைஞருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பிலிருந்து தொடங்குங்கள். 1964 மே மாதம், மான்செஸ்டரில் ரயில் நின்றுபோன வில்பிரகாம் ரோடு நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி எடுத்தது. ஒரு பிளாட்பாரத்தை அமெரிக்கத் தென்மாநில ரயில் நிலையம்போல ஜோடித்து அதில் கலைஞர்கள், எதிர் பிளாட்பாரத்தில் ரசிகர்கள், நடுவில் தண்டவாளம். ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸும் அன்று பாடினார். தார்ப்பின் முறை வரும் நேரத்தில் மழை. அவர் சளைக்கவில்லை, தொடக்கப் பாடலை மாற்றி, மழையைப் பற்றிய ‘டிட்ன்ட் இட் ரெயின்’ என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி) பாடலை எடுத்துக்கொண்டார். கையில் வெள்ளை கிப்சன் எஸ்ஜி மின்கிட்டார். நடுவில் அவர் எடுக்கும் சோலோவை, அதாவது கிட்டாரில் தனித்து வாசிக்கும் பகுதியை மட்டும் இரண்டாம் முறை பாருங்கள். தேவாலயப் பாட்டில் இப்படி மின்கிட்டாரை அதிரவிட்டவர் 1915இல் பிறந்தவர். 1947இல், பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான, அப்போது சிறுவனாக இருந்த லிட்டில் ரிச்சர்டை அமெரிக்காவின் மேகன் நகரில் தன் மேடையில் பாட வைத்தவரும் இவர்தான். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல், இறந்து 45 ஆண்டுகள் கழித்து. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

அடுத்து அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலஹர். சிங்கிள் (ஒற்றைப் பாடல்) இசைத்தட்டு வெளியிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அதனால் ஹிட் பட்டியல்களில் அவரைத் தேடிப் பயனில்லை. மேடையில்தான் தேட வேண்டும். ‘ஐரிஷ் டூர் 74’ என்ற இரட்டை ஆல்பம் 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் நகர்களில் பதிவானது. வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பல இசைக்குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கமே வரவில்லை, இவர் போய் வாசித்தார். அவர் வந்ததில் ரசிகர்களுக்கு இருந்த மகிழ்ச்சி அந்த அரங்கத்துச் சத்தத்தில் கேட்கும். அதே பயணத்தை டோனி பாமர் படமாகவும் எடுத்திருக்கிறார். முதலில் ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ பாடலைக் கேளுங்கள். பிடித்தால் அந்தப் பயணத்தின் பதிவுகளோடு 2014இல் வந்த பெரிய தொகுப்பு இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதை வாங்க வேண்டாம்.

மூன்றாவது அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ராய் புக்கானன். சுண்டுவிரலால் தன் டெலிகாஸ்டர் மின்கிட்டாரின் வால்யூம் குமிழைத் திருகியே கிட்டாரை அழ வைப்பார். இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1975இல் ஒரு பாடலையே இவருக்குக் காணிக்கையாக்கினார். ‘ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர் வாசித்ததைத் தேடிப் பாருங்கள்.

சரி, வாயசைப்பு. அறுபதுகளின் டிவி நிகழ்ச்சிகளில், குறிப்பாக பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ போன்றவற்றில், அது சர்வசாதாரணம். மின்கிட்டாரில் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயர் இல்லாமல் வாசிக்கும் கருவிகள் அப்போது புழக்கத்தில் இல்லை. அப்புறம் பாட்டின் முடிவு. மேடையில் பாட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒலி மெல்லத் தேய்ந்து மறைந்தால் ஓடுவது இசைத்தட்டு. டிரம்மர் சிம்பலை அடிக்கும் நேரமும் சத்தம் வரும் நேரமும் ஒத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள். யாரோ பின்னால் ஒலியை நழுவவிட்டிருந்தாலும் அது பிசகலாம் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

கூடவே கிட்டார் வாசித்துப் பார்க்கும் பழக்கம் உண்டென்றால் ஒரு விஷயம்: நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் பிலிமை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25 ஆக ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும், சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். அப்படிப்பட்ட வீடியோவுக்காகத் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், பிளேயரில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.