ஷாஃப்ட்டுக்கு 45,000 கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோட்டில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 39, கைக்கு வரும் சம்பளம் 48,000. அப்பா விட்டுச் சென்ற 1978 அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, வண்டி உடைக்கும் இடத்தில் வாங்கிய இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றுகிறோம். அக்கா வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், வேலையை அவர்தான் பார்க்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு வட்டிக்கு 90,000 வாங்கினேன். ஆறு மாதம் கழித்து 60,000, பிறகு ஐந்தரை மாதத்தில் 50,000 என்று அதே நகைமேல் கூடுதல் கடன், அதாவது டாப்-அப், போட்டேன். இப்போது கடன் 2,14,000. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் பழைய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் புது கியர்பாக்ஸுக்குச் சேரவில்லை, புதிதாகச் செய்ய மற்ற வேலையோடு 45,000 ஆகும் என்கிறார் மச்சான். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் இப்போதைக்கு டாக் வெல்டில், அதாவது தற்காலிகமாக வைத்த பொட்டு வெல்டில், நிற்கிறது. இன்னொரு டாப்-அப் கிடைக்கும். கிரெடிட் கார்டிலும் மாதம் 1.5 சதவீதத்துக்கு லோன் தருகிறார்கள். எதை எடுக்கட்டும்? 2028-ல் வண்டி விண்டேஜ் ஆகிவிடும், போட்ட பணம் திரும்பிவிடும் என்று மச்சான் சொல்கிறார். மாதம் 9,000 மிச்சம் பிடிக்க முடியும்.

பதில்: ஒரு வட்டியா ஒன்றரை வட்டியா, எது மலிவு என்று உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம். என்னை உறுத்துவது ஷாஃப்ட்டும் இல்லை. வேலை ஒரு படி நகரும்போதெல்லாம் நகைக்கடனை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் எந்தக் கடன் வாங்கினாலும் ஒன்றுதான்.

முதல் டாப்-அப்பில் உங்கள் கைக்கு வந்தது 60,000, கடன் ஏறியதோ 65,400. இரண்டாவதில் கைக்கு வந்தது 50,000, ஏறியது சுமார் 58,500. இடைப்பட்ட மாதங்களில் கட்டாமல் விட்ட வட்டி, ஏறக்குறைய 14,000, ஓசையில்லாமல் அசலில் போய் உட்கார்ந்துகொண்டது. டாப்-அப் போடும் அன்று பணம் கைக்கு வருவதால் இது கண்ணில் படாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நகைக்கு மேலும் மேலும் பணம் கிடைத்ததற்குக் காரணம், தங்கம் விலை ஏறியது. அந்த ஏற்றம் உங்கள் மனைவிக்குச் சேர வேண்டியது, வண்டிக்குள் போய்விட்டது. நாளை தங்கம் இறங்கினால் இதே அடகுக்குக் கூடுதல் நகையோ பணமோ கேட்பார்கள்.

இப்போதைய 2,14,000-ஐ மாதம் 9,000 வீதம் கட்டினால் சுமார் 27 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். இன்னொரு 45,000 ஏற்றினால் 34 மாதம். ‘45-ஐ 9-ஆல் வகுத்தால் ஐந்து மாதம்தானே’ என்று தோன்றும். வட்டியும் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

இத்தனைக்கும் அந்தப் பணம் இன்று தேவையே இல்லை. மவுண்ட் டாக் வெல்டில் நிற்கும்போது யாரும் ஷாஃப்ட்டுக்கு அளவு எடுக்கக் கூடாது. லாரி ஷாஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்காரரிடம் உங்களுக்காகவே கேட்டேன். மவுண்டை முழுசாக வெல்டு வைத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் அசையாமல் உட்கார்ந்து, சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் ஏறி, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியல் ஃபிளேஞ்ச் (பின் அச்சில் ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) வரை அளக்க வேண்டும் என்றார். அம்பாசடரில் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங்கில் இருக்கிறது. குழியில் விழுந்து எழும்போது அச்சு மேலும் கீழும் போகும், அதற்கேற்ப ஷாஃப்ட் முன்னும் பின்னும் வழுக்க இடம் விட வேண்டும். ஜாக்கி போட்டு அச்சு தொங்கும்போது எடுத்த அளவு உதவாது. இன்ஜின் படுத்திருக்கும் சாய்வுக்கும் பின் அச்சின் சாய்வுக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஷாஃப்ட் முனைகளில் மூட்டுப்போல இருக்கும் யு.ஜே. கிராஸ் சீக்கிரம் போகும், ஓட்டும்போது தரை அதிரும். மவுண்டை ஓர் அங்குலம் நகர்த்தினால் செய்த ஷாஃப்ட்டை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும். கடன் வாங்கிச் செய்ததை மீண்டும் கடன் வாங்கிச் செய்வீர்கள்.

சரி, அந்த 45,000 எதற்கெல்லாம்? நீங்கள் எழுதவில்லை, மச்சானும் சொல்லியிருக்க மாட்டார். ஷாஃப்ட் என்றால் குழாய், இரண்டு கிராஸ், கியர்பாக்ஸ் பக்கத்தில் வழுக்கி நகரும் ஸ்லைடிங் யோக், டிஃபரென்ஷியல் பக்கத்து ஃபிளேஞ்ச், லேத்து வேலை, வெல்டிங், பேலன்சிங். ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வாங்கலாம். ஈரோட்டிலிருந்து சங்ககிரியும் நாமக்கல்லும் எவ்வளவு தூரம்? லாரித் தொழில் ஊறிய ஊர்கள், குழாயை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. இரண்டு பட்டறையிலாவது நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். அக்கா வீட்டுக்காரரிடம் பில் கேட்பது சங்கடம்தான், எனக்குப் புரிகிறது. அதனால் அவரிடம் பில் கேட்க வேண்டாம். பொருளுக்கான பணத்தைக் கடைக்கு நீங்களே கட்டுங்கள், அவர் உழைப்புக்கு ஒரு தொகை பேசி அதை மட்டும் அவர் கையில் கொடுங்கள். அக்காவுக்கும் இதனால் மனக்கசப்பு வராது.

இனி ஆர்.சி. இன்ஜின் எண்ணும் சிசியும் அதில் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உற்பத்தியாளர் தந்த மூல விவரத்துக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அம்பாசடரே பின்னாளில் இசுசு 1.8 இன்ஜினோடு கம்பெனியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டி 1489 சிசி என்று பதிவானது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி கேளுங்கள். இன்ஜினை வாங்கிய இடத்தில் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகும். பதில் வரும்வரை ஷாஃப்ட்டுக்கு ஒரு ரூபாய் போகக் கூடாது, பழைய இன்ஜினையும் விற்கக் கூடாது.

விண்டேஜ் பேச்சு எனக்குக் கவலை தருகிறது. பழைய கார் ஒரு ‘முதலீடு’ என்று இப்போது பலரும் சொல்லித் திரிகிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியைப் படித்தால் தெரியும்: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாக விண்டேஜ் பதிவு செய்ய 20,000 கட்டணம், பத்து ஆண்டு செல்லும், அப்போதும் அன்றாடம் ஓட்ட முடியாது. இன்ஜின் மாற்றிய அன்றே உங்கள் வண்டி அந்த வரிசையிலிருந்து விலகிவிட்டது. அப்பாவின் வண்டியை ஓட்ட ஆசைப்படுவது நல்ல ஆசை, அதற்குச் செலவு செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. லாபம் வரும் என்று நம்பி மட்டும் மனைவியின் நகையை வைக்காதீர்கள்.

கார்டு லோன் வேண்டவே வேண்டாம். நடைமுறைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று சேர்ந்தால் ஒன்றரை வட்டி ஒன்றரையில் நிற்காது.

இந்த மாதம் முதல் 9,000-த்தில் 6,500-ஐ நகைக்கடனுக்குக் கட்டுங்கள். வட்டி 2,140 போக மீதி அசலில் கழியும். ஓர் ஆண்டில் கடன் 1,60,000-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அப்போது பேங்கில் பேசி ஒரு நகையையாவது பகுதியாக மீட்டு மனைவியிடம் கொடுங்கள். மிச்சம் 2,500-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள், அதே ஓர் ஆண்டில் 30,000 சேரும். தீபாவளி போனஸ் வந்தால் அதில் பாதியும் இதில் சேரட்டும். அனுமதி, மவுண்ட், வயரிங் எல்லாம் முடிய எப்படியும் அவ்வளவு நாள் ஆகும். ஷாஃப்ட் அந்தக் கணக்கிலிருந்து மட்டும்.

பட்டறையில் பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள். மாட்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, அதிர்வு இல்லையென்றால் மீதியைக் கொடுங்கள். பில்லில் குழாயின் விட்டமும் கனமும், கிராஸ் எந்த வண்டியுடையது, அதன் பார்ட் எண் என்ன என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு கிராஸ் தேய்ந்தால் எண்ணைச் சொல்லிக் கடையில் நேரே வாங்கலாம்.