தைராய்டு சரியானால் கண் பிரஷரும் இறங்குமா?

கேள்வி: வயது 44. தைராய்டு அதிகமாகச் சுரந்ததால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓராண்டாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ரத்த ரிப்போர்ட் இப்போது நார்மல். ஆனால் கண் முழி துருத்திக்கொண்டே இருக்கிறது. கண் முகாமில் காற்று ஊதிக் கண் பிரஷர் பார்த்து 26, 24 என்று சொல்லி, கிளாக்கோமா என்று சொட்டு மருந்து தந்தார்கள். தைராய்டு சரியானால் இதுவும் போய்விடுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ரிப்போர்ட் நார்மல் ஆனாலும் கண் தன் போக்கில்தான் போகும், வீக்கம் அடங்க ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனால் அந்த 26-ஐ வைத்து மட்டும் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு கெடும் நோய், என்று முடிவுகட்ட முடியாது.

கண் பிரஷர் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். தைராய்டு கண்ணில் விழிக்குக் கீழுள்ள தசை வீங்கி இறுகிவிடும். நேரே பார்க்கச் சொன்னாலே விழி அந்தத் தசையோடு மல்லுக்கட்ட வேண்டும். தசை விழியை அமுக்கும், எண் ஏறும். அளக்கும்போது இமையைப் பிடிக்கிற விரல் விழியில் பட்டாலும் இதே கதைதான். அதனால் விழியை மெல்லத் தொட்டு அளக்கும் அப்ளனேஷன் கருவியில், மோவாயைச் சற்றுத் தூக்கிப் பார்வை லேசாகக் கீழே இருக்கும்படி வைத்து, ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் தசைதான்.

நிஜமாகவே ஏறுவதும் உண்டு. விழிக்குப் பின்னால் வீங்கினால் ரத்தக்குழாய் நெரிபட்டு, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியத் தடுமாறும். வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டும் சிலருக்குச் சில வாரங்களில் பிரஷரை ஏற்றும். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பார்வை நரம்பு கெட்டிருக்கிறதா என்பதை, நரம்பைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பக்கப் பார்வையைச் சோதிக்கும் விஷுவல் ஃபீல்டும்தான் காட்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகலாம்.

அதுவரை சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். பாட்டிலில் டைமோலால் என்றிருந்தால் மட்டும் கவனம்: ஆஸ்துமா, வீசிங் இருந்தால் ஆகாது. படபடப்புக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறீர்களா? இரண்டும் ஒரே குடும்பம். நாடித்துடிப்பு ரொம்பக் குறைந்துவிடலாம். இப்படி ஏதாவது இருந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் யாராவது புகை பிடித்தால் வெளியே அனுப்புங்கள். தைராய்டு கண்ணுக்குப் புகை பரம எதிரி.

லாரித் தண்ணீர் பிடிக்கும் சிவப்புக் குடத்தை வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால், வீங்கிய தசை பார்வை நரம்பை நெரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கிளாக்கோமா சொட்டு உதவாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், அடுத்த முகாம் வரட்டும் என்று இருக்காதீர்கள்.