மணலில் ஓடவிட்டு மூச்சை அளக்கலாமா?

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கால்பந்தைக் கண்டால் சோறு தண்ணீர் வேண்டாம். போன மாதம் பயிற்சியாளர் கடற்கரை மணலில் 12 நிமிடம் ஓடவிட்டார். 1,700 மீட்டர்தான் ஓடினானாம். "மூச்சு பற்றாது" என்று அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அவனுக்கு உண்மையிலேயே திறன் இல்லையா ஐயா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: முதலில் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. அந்த 1,700-ஐ வைத்து அவனை எடைபோட மாட்டேன். ஓடவிட்ட விதத்தைத்தான் எடைபோடுவேன்.

12 நிமிட ஓட்டம், அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. அவர் ஓடவிட்டது வளர்ந்த ஆண்களை. ஓடிய மீட்டரில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் பிராணவாயுவை உடல் பயன்படுத்தும் என்ற உத்தேசம் கிடைக்கும். உங்கள் மகனுக்குப் போட்டுப் பார்த்தேன், 27 கூட வரவில்லை. பொழுதுக்கும் பந்தின் பின்னால் ஓடுகிறவனுக்கு இந்த எண் வந்தால் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். கால் புதையும் மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். கரைவலை இழுப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கால்பந்தும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஆட்டமில்லை. பாய்ந்து, நின்று, திரும்பி, நாலடி நடந்து, மறுபடி பாய வேண்டும். டென்மார்க்கின் ஜென்ஸ் பாங்ஸ்போ இதற்கென்றே உருவாக்கியதுதான் யோ-யோ சோதனை. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். போய்த் திரும்பினால் 40 மீட்டர். பிறகு 10 விநாடி, ஐந்து மீட்டர் தள்ளிப் போய் வந்து இளைப்பாறலாம். முதல் நிலையில் தொடக்க வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது போய்வர 14.4 விநாடி. பதிவு செய்த 'பீப்' ஒலி கேட்பதற்குள் கோட்டை எட்ட வேண்டும்; அந்த ஒலி போகப்போக விரைவுபடும். ஒருமுறை கோட்டைத் தவறவிட்டால் எச்சரிக்கை, மறுமுறை தவறினால் வெளியே. அதுவரை ஓடிய தூரம்தான் மதிப்பு.

இதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். வலைக்கயிற்றில் 20 மீட்டருக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு, மணல் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களை அடையாளமாக வைப்பேன். தொல்லை காற்றுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கைப்பேசியின் ஒலி பத்தடி தாண்டாது, ஒலிபெருக்கி வேண்டும். கோடுகளைக் காற்றுக்குக் குறுக்கே ஓடும்படி போட வேண்டும். இல்லாவிட்டால் போகும்போது பாய்மரம், வரும்போது நங்கூரம். வெயில் ஏறிய பிறகு ஓடவிடவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கடைசியாக வந்த பையனின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டுவிட்டேன். மறுநாள் அவன் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது, விடியற்காலை மூன்று மணியிலிருந்து வலை இழுத்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறான். அதன்பின் கோடு போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: தூங்கினாயா, சாப்பிட்டாயா, காய்ச்சல் உண்டா, கடலுக்குப் போனாயா? மூச்சு இழுப்போ, நெஞ்சுவலியோ, மயங்கி விழுந்த அனுபவமோ இருந்தால் மருத்துவர் பார்க்காமல் ஓடவிடுவதில்லை.

13 வயதில் இன்னொரு சிக்கல். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் அவன் தோளுக்குத்தான் வருவான். பையன்கள் கிடுகிடுவென உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. இந்த வயதில் மூச்சை அளந்து ஆளைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. அவனுடைய இன்றைய தூரத்தை எட்டு வாரம் கழித்து, அதே மைதானத்தில், அதே நேரத்தில் ஓடும் தூரத்தோடு ஒப்பிடலாம். பயிற்சியாளரிடம் சண்டை வேண்டாம் அம்மா. கெட்டித் தரையில் இன்னொரு முறை ஓடவிடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள், கயிற்றோடு நானே வருகிறேன்.

கேள்வி: ஓடும்போது வலது விலாவில் குத்துகிறது. பயிற்சிக்குப் போகும்முன் தெம்புக்குத் தொதல் (எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் இனிப்பு) சாப்பிடுகிறேன். காரணம் என்ன சார்?
– 14 வயது மாணவன், கீழக்கரை

பதில்: காரணத்தை நீயே எழுதிவிட்டாய் தம்பி. எதைச் சாப்பிட்டாலும் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள். குத்தினால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, சற்றுக் குனிந்து மூச்சை நீளமாக வெளியே விடு. தொதலை ஆட்டம் முடிந்து தின்னலாம். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.