பூப்பந்து என்றால் எந்தப் பந்து?

வணக்கம் சார்,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். உடற்கல்வியில் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்கு ‘இந்திய, இலங்கை மக்களின் விளையாட்டும் ஓய்வு நேரமும்: ஓர் ஒப்பீடு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இங்கே எங்கள் பஞ்சாயத்து, அங்கே யாழ்ப்பாணத்தில் என் தோழியின் ஊர். இரண்டு பக்கமும் தமிழ்தான் என்பதால் மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை. நாற்பது கேள்விகள் தயார். வாலிபால் கிளப்புகள் வழியாக ஆட்களைப் பிடித்து, இரண்டு ஊரிலும் ஜூலை மாதமே கேட்டுவிடலாம் என்று திட்டம். கைடு, “ஒப்பீடு நிற்காது” என்கிறார். எங்கே தவறு?

க.

அன்புள்ள க.,

மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நினைத்தீர்களே, அங்கேதான் முதல் விரிசல். ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் பூப்பந்து என்றால் கம்பளி நூல் பந்து, ஒரு அணிக்கு ஐந்து பேர். பந்தின் எடை 27 முதல் 30 கிராம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திறந்த மைதானத்திலும் ஓரளவு சொன்னபடி கேட்கும். இலங்கையில் பூப்பந்து என்று பெரும்பாலும் சொல்வது ஷட்டில் பாட்மிண்டனை. அந்த இறகுப்பந்து ஐந்தரை கிராமைத் தாண்டாது. காற்றடிக்கும் வெளியில் அதை ஒழுங்காக ஆட முடியாது. ‘பூப்பந்து ஆடுவீர்களா?’ என்று கேட்டு இரு ஊரிலும் ‘ஆமாம்’ வாங்கினால், இரண்டு வேறு ஆட்டங்களைக் கூட்டி ஒரே கட்டத்தில் போட்டிருப்பீர்கள்.

வாலிபால் அங்கே கரப்பந்து. அதிலும் ஓவர் கேம், செற்றப் கேம் என்று இரண்டு ஆட்டமுறைகள், தனித்தனியாகப் போட்டி நடத்துவார்கள். எது என்று குறிக்காவிட்டால் பாதித் தகவல் போச்சு. இலங்கையில் 1991 முதல் அதுதான் தேசிய விளையாட்டு என்பதையும் முன்னுரையில் மறக்காதீர்கள். வலைப்பந்து (நெட்பால்) என்றால் கொழிஞ்சாம்பாறையில் பல பெண்களுக்கு எதுவும் தோன்றாது. யாழ்ப்பாணத்தில் அது பள்ளிக்கூடத்திலேயே பெண்கள் ஆடிப் பழகிய ஆட்டம். 2018இல் ஆசிய வலைப்பந்துக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் இருந்த தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

ஆகவே கேள்வித்தாளில் விளையாட்டின் பெயரைப் போட்டு டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு அட்டை செய்யுங்கள்: பந்தின் படம், வலை உண்டா, ஒரு பக்கம் எத்தனை பேர், திறந்த வெளியா கூரையா. அட்டையைக் காட்டி, ‘இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் சொன்ன பெயரைப் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு எட்டுப் பேரிடம் முன்னோட்டம் பார்த்தால் பெரும்பாலான குழப்பங்கள் வெளியே வந்துவிடும்.

அடுத்தது ‘ஓய்வு நேரம்’. இந்தச் சொல்லையே கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு மாடு, ஒரு தோட்டம் வைத்திருக்கும் பெண்ணிடம் கேட்டால் “ஓய்வா, எனக்கா?” என்பார். ஆனால் பூக் கட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் சீரியல் பார்த்திருப்பார். அது பொய்யல்ல, அவருக்கு ஓய்வு என்றால் கை சும்மா இருப்பது. நாள்குறிப்பு முறைக்கு மாறுங்கள். நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணி வரை என்ன செய்தீர்கள், கூடவே வேறென்ன செய்தீர்கள், எங்கே, யாரோடு: இந்த நான்கு பத்திகள் போதும். 4 மணியில் தொடங்குவதற்குக் காரணம், அப்போதுதான் அநேகம் பேர் தூக்கத்தில் இருப்பார்கள், ஒரு வேலை நடுவில் வெட்டுப்படாது. மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளிகளுக்கு மட்டும் எழும் நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு (நாடு முழுவதற்கும் 2019இல் முதல் முறை, பிறகு 2024இல்) அரை மணிக் கட்டங்களில் கேட்கிறது. உங்களுக்கு அது போதாது, பத்து நிமிடக் கட்டமாக வையுங்கள். ஒருவர் 5 மணிக்கு டீக்கடைக்கு நடக்கிறார், 5.10க்கு டீயும் பேச்சும், 5.30க்கு மைதானத்து ஓரம் நின்று ஆட்டம் பார்க்கிறார், 5.40க்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட, 6 மணி வரை ஒரு செட் ஆடுகிறார். அரை மணிக் கட்டத்தில் ஒரே வேலையைக் குறிக்கச் சொன்னால் ‘பேச்சு’, ‘விளையாட்டு’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும், நடந்ததும் நின்று பார்த்ததும் காணாமல் போகும்.

நாள்குறிப்பில் வரும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் குறியீடு போட, ஐ.நா.வின் 2016 நேரப் பயன்பாட்டு வகைப்பாட்டை (ICATUS) பயன்படுத்துங்கள். மைதானத்தில் போய்ப் பார்ப்பது 81, கேரம், சீட்டு போன்றவை 82, உடல் அசைந்து ஆடுவது 83, டிவியிலோ போனிலோ மேட்ச் பார்ப்பது 84, டீக்கடைப் பேச்சு 71. இடறும் இடம் திருவிழா. உங்கள் பக்கத்துச் சித்தூரில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவைப் பார்க்கப் போனவரை 81இல் போடுவதா, ஊர்ச் சடங்கு என்று 72இலா, வழிபாடு என்று 74இலா? ‘எதற்குப் போனீர்கள்?’ என்று கேட்டு முடிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கும் அதே விதியை வையுங்கள். இங்கே ஒரு விதி, அங்கே ஒரு விதி என்றால் நாடுகளுக்கிடையே இல்லாத வேறுபாட்டை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஜூலை சரிவராது. ஒரே மாதம் என்பதால் ஒரே பருவம் ஆகிவிடாது. ஜூலையில் பாலக்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழை. கொழிஞ்சாம்பாறை மழைமறைவுப் பக்கம் என்றாலும் காற்று பலமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது வறண்ட காலம், அவர்களுக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பிப்ரவரிதான் இரு பக்கமும் மைதானம் காய்ந்திருக்கும் மாதம். ஆனால் முதல் தவணையில் அங்கே பள்ளிகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் (ஹவுஸ் வாரியான தடகளப் போட்டிகள்) நடக்கும், மாணவர்களைச் சேர்த்தால் எண் வீங்கும். 18 வயதுக்கு மேல் மட்டும் எடுங்கள். கொங்கன்படை நாளையும் அங்கே பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் ஒதுக்கிவிடுங்கள். கடிகாரம் இரு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் யாழ்ப்பாணம் கிழக்கே இருப்பதால் பொழுது சுமார் பத்து நிமிடம் முன்பே சாயும். விளக்கில்லாத மைதானத்தில் அதற்கும் கணக்கு உண்டு.

கிளப் வழியாக ஆட்களைப் பிடித்தால் ஆடுகிறவர்கள் மட்டுமே கிடைப்பார்கள், பெண்கள் அநேகமாக வரமாட்டார்கள். இங்கே வாயனசாலையும் (ஊர் நூலகம்) அங்கே சனசமூக நிலையமும் கிட்டத்தட்ட ஒரே வகை அமைப்புகள். ஊர் அறிமுகத்துக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆளைத் தேர்வது வீட்டுப் பட்டியலிலிருந்தே நடக்கட்டும். தொழிலையும் இணை சேருங்கள். சித்தூரின் தென்னங்கள் இறக்குபவர்களுக்கு அங்கே பனை சீவுபவர்கள் நேர் இணை. ‘உடற்பயிற்சி உண்டா?’ என்றால் இருவரும் மரமேறுவதைச் சொல்வார்கள். அது வேலைக் கணக்கு, 83 அல்ல.

ஊருக்கு 60 பேர், ஆளுக்கு ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள்: மொத்தம் 240 நாள்குறிப்புகள். ஒன்றுக்கு 40 நிமிடம் வைத்தால் 160 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் உழைத்தால் நாற்பது நாள். வாரச் சராசரிக்கு வேலைநாள் நிமிடத்தை ஐந்தாலும் விடுமுறை நிமிடத்தை இரண்டாலும் பெருக்கிக் கூட்டி, ஏழால் வகுங்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஆறு, ஒன்று. சராசரியை இரண்டு விதமாகவும் தாருங்கள். 60 பேரில் 6 பேர் மட்டும் 50 நிமிடம் ஆடினால், ஆடியவர்களின் சராசரி 50, எல்லோருடைய சராசரி 5. இங்கே முதலாவதையும் அங்கே இரண்டாவதையும் எடுத்து ஒப்பிட்ட கட்டுரைகள் உண்டு. தேசிய எண்களைத் தொட்டால் வயதையும் பாருங்கள். இந்தியக் கணக்கு 6 வயதிலிருந்து, இலங்கையின் 2017 கணக்கு 10 வயதிலிருந்து. இந்தியாவின் மூலத் தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கிறது, பத்துக்குக் கீழே உள்ளவர்களை நீக்கி நீங்களே மறுபடி கணக்கிடலாம். இந்தியாவின் 1998–99 முன்னோடி நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பற்றி யாராவது சொன்னால், அது நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு, கேரளம் இல்லை. உங்களுக்கு அது மாநில எல்லையான வாளையாரோடு நின்றுவிடுகிறது.

செலவை ரூபாய் மாற்று விகிதத்தில் ஒப்பிடாதீர்கள். ஒரு பந்து வாங்க எத்தனை நாள் கூலி என்று கேளுங்கள்.

தலைப்பிலிருந்து ‘இந்திய, இலங்கை’யை எடுத்துவிட்டு இரண்டு ஊர்களின் பெயரையும் போடுங்கள். கைடின் தயக்கத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இங்கே எடுக்கும் முதல் பத்து நாள்குறிப்புகளைக் குறியீடு போடாமல் தோழிக்கு அனுப்புங்கள், அவர் எடுத்த பத்தை நீங்கள் வாங்குங்கள். ஒருவர் எடுத்ததற்கு மற்றவர் குறியீடு போட்டு, எங்கெங்கே வேறுபடுகிறது என்று எனக்கு எழுதுங்கள். பதினோராவது நாள்குறிப்பை அதற்குப் பிறகு எடுக்கலாம்.